கறி மட்டும் உண்டால் குடல் அழற்சி தீருமா?

நெல் விளையும் நாட்டில் பிறந்தவர்களுக்குச் சோறுதான் உணவு. திருவாரூர்ப் பக்கத்தில் ஒருவரைப் பார்த்து "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டால், சோறு உண்டாயிற்றா என்றுதான் பொருள். மன்னார்குடியிலும் திருத்துறைப்பூண்டியிலும் மீனும் கறியும் தொடாத வீடுகள் உண்டு; வாரம் தவறாமல் சமைக்கும் வீடுகளும் உண்டு. இரு வீட்டாருக்கும் இலையின் நடுவே இருப்பது சோறுதான்.

இத்தகைய ஊரில் குடல் அழற்சி நோயால் துன்புறும் ஓர் இளைஞரின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "அரிசியை விடு, பருப்பை விடு, காய்கனிகளையும் விடு. இறைச்சி, முட்டை, கொழுப்பு, உப்பு, தண்ணீர் ஆகியவையே போதும். சில வாரங்களில் இரத்தப்போக்கு நின்றுவிடும். பிறகு மாத்திரை எதற்கு?" இதைச் சொல்பவர் நோயிலிருந்து மீண்டவராகவே தோன்றுகிறார். அவர் முகத்தில் பொய் தெரியவில்லை. கட்டுரை ஒன்றையும் அவர் சான்று காட்டுகிறார்.

அந்த இளைஞர் என்ன செய்வது? வீட்டார் "இதெல்லாம் பைத்தியக்காரத்தனம்" என்று தள்ளிவிடுவார்கள். நண்பர்கள் "முயன்றுதான் பாரேன்" என்பார்கள். இரண்டும் ஆராய்ந்து சொன்ன விடைகள் அல்ல. அறிவியல் பயிலும் நாம், இக்கூற்றுக்கு எவ்வளவு சான்று இருக்கிறது, அச்சான்றின் தரம் என்ன என்று வரிசையாகப் பார்ப்போம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இது சைவ, அசைவ வழக்கு அன்று. இறைச்சி உண்பது சரியா தவறா என்பது இங்கே கேள்வியே இல்லை. இறைச்சியை மட்டும் உண்டால் ஒரு குறிப்பிட்ட நோய் அடங்குமா என்பதே கேள்வி.

நோயின் தன்மை

குடல் அழற்சி நோய் என்ற பெயரில் முக்கியமாக இரண்டு நோய்கள் அடங்கும். ஒன்று, பெருங்குடலின் உட்சவ்வில் புண் உண்டாக்கும் பெருங்குடல் புண் அழற்சி. 1859-ல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் இதைப் பற்றி எழுதினார். மற்றொன்று குரோன் நோய். இது வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் தோன்றலாம். பெரும்பாலும் சிறுகுடலின் கடைப்பகுதியைத் தாக்கும். குடற்சுவரின் முழு ஆழத்திற்கும் ஊடுருவும். 1932-ல் நியூயார்க்கைச் சேர்ந்த பர்ரில் குரோன், தம் உடன் ஆய்வாளர் இருவருடன் இதை விளக்கினார்.

இரத்தமும் சளியும் கலந்த வயிற்றுப்போக்கு, அடிவயிற்று வலி, எடை குறைதல், இரத்தச்சோகை, மூட்டுவலி ஆகியவை இந்நோய்களின் அறிகுறிகள். பெரும்பாலும் இளம் வயதிலேயே தொடங்கும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், குடலில் வாழும் நுண்ணுயிர்களின் மீது அளவு கடந்து சினங்கொண்டு குடலையே புண்ணாக்குகிறது என்று சுருங்கச் சொல்லலாம். பரம்பரைக் கூறும் சூழ்நிலையும் இதில் பங்கு கொள்கின்றன.

இது மேலை நாட்டார் நோய் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். பஞ்சாபில் நடத்தி 2003-ல் வெளியிட்ட கணக்கெடுப்பு, பெருங்குடல் புண் அழற்சி இலட்சம் பேரில் 44 பேருக்கு இருப்பதாகக் காட்டியது. ஆகவே நம் நாட்டுக்கு இது அயல் நோய் அன்று.

நம் ஊர்களில் இந்நோய்க்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மலத்தில் இரத்தம் கண்டால் முதலில் "மூலம்" என்பார்கள். அல்லது "உடம்புச் சூடு" என்று மோரும் வெந்தயமும் கொடுப்பார்கள். இந்தியாவில் அமீபா சீதபேதியும் குடல் காசநோயும் இன்னும் மறையவில்லை. குடல் காசநோயும் குரோன் நோயும் உள்நோக்கியில் பார்க்கும்போதுகூட ஒன்றுபோல் தோன்றி, தேர்ந்த மருத்துவரையே மயங்க வைப்பது உண்டு. குரோன் நோய்க்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தர வேண்டும். அதையே காசநோயாளிக்குத் தந்தால் காசம் பெருகும். நோய் இன்னதென்று உறுதியாகும் முன் உணவு பற்றிப் பேசுவதே பயனற்றது என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

இந்நோயின் மற்றொரு பண்பு நம் ஆராய்ச்சிக்கு மிக முக்கியமானது. இது ஒரே சீராக இருப்பதில்லை. சில மாதம் சீறும், பின்பு தானாகவே தணியும், மறுபடியும் சீறும். ஏறி இறங்கும் நோய்க்கு எந்த வைத்தியம் செய்தாலும், அது மிகவும் கொடுமையாக இருக்கும் நாளில்தான் தொடங்குவோம். அதற்கு மேல் அது இறங்கத்தான் செய்யும். பெருமை அன்று கையில் இருந்த வைத்தியத்துக்குப் போகும்.

நூறாண்டு கடந்த கொள்கை

இறைச்சி மட்டும் என்ற கொள்கை கைப்பேசிக் காலத்தில் பிறந்தது அன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரர்கள் பலர் ஓயாத வயிற்றுப்போக்கால் மடிந்தார்கள். அக்காலத்து மருத்துவர் ஜேம்ஸ் சாலிஸ்பரி, மாவுப்பொருளும் காய்கறியும் குடலில் புளித்து நஞ்சாகின்றன என்று கருதினார். கொத்திய மாட்டிறைச்சியும் வெந்நீரும் அவர் கண்ட மருந்து. 1888-ல் இதை விரிவான நூலாக வெளியிட்டார். படைவீரர்களின் நோய் பெரும்பாலும் கிருமித் தொற்றால் வந்தது என்பதைப் பிற்கால அறிவியல் விளக்கிவிட்டது. சாலிஸ்பரியின் பெயர் இன்று ஓர் இறைச்சிப் பண்டத்தின் பெயராக மட்டும் நிற்கிறது.

அடுத்து வருபவர் வில்ஹியால்மர் ஸ்டெபான்சன். வட துருவப் பகுதியில் இனூயிட் மக்களோடு வாழ்ந்த ஆராய்ச்சிப் பயணி. ஆண்டுக்கணக்கில் இறைச்சியும் மீனும் மட்டும் உண்டு நலமாக இருந்ததாகச் சொன்னபோது பலர் நம்பவில்லை. ஆகவே 1928-ல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் அவரும் ஆண்டர்சன் என்ற தோழரும் சோதனைக்கு உட்பட்டார்கள். சில வாரம் மருத்துவமனையிலும் பின்பு வெளியிலுமாக ஓராண்டுக் காலம் இறைச்சியே உண்டார்கள். இருவருக்கும் பெருங்கேடு எதுவும் நேரவில்லை என்று 1930-ல் முடிவு வெளியாயிற்று. அமெரிக்க இறைச்சி வணிகர் கழகம் இந்த ஆய்வுக்குப் பொருளுதவி செய்தது என்பதும் சேர்த்து நினைக்கத் தக்கது.

இச்சோதனையில் எதைக் கற்றுக்கொள்ளலாம்? உடல்நலம் உள்ள இருவர் ஓராண்டு தாங்கினார்கள் என்பதைக் கற்றுக்கொள்ளலாம். குடல் நோயாளிக்கு இது மருந்து என்று அதிலிருந்து பெற வழியில்லை. அவ்விருவருக்கும் குடல் நோய் இருந்ததில்லை.

அதில் பலர் சொல்லாமல் விடும் ஒரு நிகழ்ச்சியும் உண்டு. தொடக்கத்தில் ஸ்டெபான்சனுக்குக் கொழுப்பு நீக்கிய இறைச்சியை மட்டும் கொடுத்தார்கள். சில நாளிலேயே குமட்டலும் வயிற்றுப்போக்கும் கண்டன. கொழுப்பு மிகுந்த இறைச்சி தந்த பிறகே சரியாயிற்று. அவர்கள் உண்ட உணவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட கலோரி கொழுப்பிலிருந்து வந்தது. ஈரல், சிறுநீரகம், மூளை, எலும்பு மச்சை எல்லாம் அதில் அடக்கம்.

பத்துப் பேரின் கதை

இனி இக்காலச் சான்றுக்கு வருவோம். 2024-ல் நார்விட்ஸ், சோட்டோ-மோட்டா என்ற இருவர் ஊட்டச்சத்து ஆய்விதழ் ஒன்றில் பத்து நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டார்கள். ஆறு பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சி. நால்வருக்குக் குரோன் நோய். பெரும்பாலும் இறைச்சியாகவே அமைந்த, மாவுச்சத்து மிகக் குறைந்த உணவை உண்டு எல்லாருமே நலம் பெற்றார்கள் என்பது செய்தி. கைப்பேசியில் சான்றாகக் காட்டப்படுவது பெரும்பாலும் இத்தகைய கட்டுரையே.

பத்துக்குப் பத்து! கேட்டவுடன் வியப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் அந்தப் பத்துப் பேர் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். இவ்வுணவால் பயன் கண்டவர்களைத் தேடித் திரட்டிய தொகுப்பு அது. பயன் காணாதவர் அதில் இடம்பெறவே முடியாது. பரீட்சையில் தேறியவர்களை மட்டும் மேடைக்கு அழைத்து, "இப்பள்ளியில் தேர்ச்சி நூறு விழுக்காடு" என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெருங்குடல் புண் அழற்சிக்கான மருந்துச் சோதனைகளில் ஒரு பிரிவினருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை தருவார்கள். அவர்களிலும் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் நோய் அடங்கிய நிலையை அடைகிறார்கள்; மூன்றில் ஒருவருக்கு ஓரளவேனும் முன்னேற்றம் தெரிகிறது. இப்போது, ஏதோ ஓர் உணவை ஆயிரம் நோயாளிகள் முயன்றார்கள் என்று கொள்வோம். அந்த உணவுக்கு எந்த ஆற்றலும் இல்லை என்றே வைப்போம். அப்படியும் ஏறத்தாழ நூறு பேர் அழகாகத் தேறிவிடுவார்கள். அந்த நூறு பேரில் பத்துப் பேரைப் பொறுக்குவது பெரிய வேலையா? மற்ற தொள்ளாயிரம் பேர் ஒன்றும் எழுதமாட்டார்கள். அடுத்த வைத்தியத்தைத் தேடிப் போயிருப்பார்கள்.

இதற்கு முன் 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், இறைச்சி உணவுக்காரர் 2,029 பேரிடம் வினாத்தாள் கொடுத்து விடை பெற்றார்கள். பெரும்பாலோர் உடல்நலம் மேம்பட்டதாகவே எழுதினார்கள். எண்ணிக்கை பெரிது என்று மயங்க வேண்டாம். ஆறு மாதமாவது அவ்வுணவில் நிலைத்தவர்களே அதில் சேரலாம். ஒத்துக்கொள்ளாமல் இரண்டாம் வாரமே விட்டவர்கள் கணக்கில் வரவில்லை. வந்தவர்களும் தாமே சொன்னதுதான் சான்று. இரத்தத்தையோ மலத்தையோ ஆய்வாளர் சோதிக்கவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இவ்வகைக் கட்டுரைகள் பயனற்றவை அல்ல. ஒரு நோயாளியிடம் எதிர்பாராத மாற்றம் கண்டால் அதைப் பதிவு செய்வது மருத்துவரின் கடமை. "இதைச் சோதித்துப் பார்க்கலாம்" என்று மற்றவர்களுக்குச் சொல்லும் கைகாட்டி அது. கைகாட்டியை ஊர் என்று எடுத்துக்கொள்வதில்தான் பிழை இருக்கிறது.

நலம் தோன்றுவது ஏன்?

நலம் பெற்றதாகச் சொல்லும் எல்லாரும் கற்பனை செய்கிறார்கள் என்பதும் சரியன்று. உடல் நிலையில் உண்மையான மாற்றத்துக்குக் காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, இறைச்சி பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்துவிடும். பெருங்குடலுக்குச் செல்லும் சக்கை குறைவு. மலம் குறையும், காற்றுத் தொல்லை குறையும். குரோன் நோயால் குடல் குறுகியவருக்கு நார் மிகுந்த உணவு அடைபட்டு வலி தரும். அதை நீக்கினால் ஆறுதல் கிடைக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர் பாலை விட்டாலும் வயிற்றுப்போக்கு தணியும். இவை எல்லாம் உண்மையான ஆறுதல்களே. ஆனால் அறிகுறி தணிவது ஒன்று. உள்ளே அழற்சி அடங்குவது மற்றொன்று. வலியின்றி உட்புண் நீடிப்பது இந்நோயில் வழக்கமாகக் காண்பதே. மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தை அளந்தோ, உள்நோக்கியால் பார்த்தோதான் உண்மை நிலையை அறிய முடியும்.

இரண்டாவது, இக்கொள்கையினர் கூறும் ஒரு விளக்கம். மாவுச்சத்து இல்லாதபோது ஈரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற பொருள்களை ஆக்குகிறது. அவை அழற்சியைத் தணிக்கலாம் என்கிறார்கள். இது ஆராயத்தக்க கருத்து. எனினும் எதிர்த் தட்டில் வைக்க வேண்டியதும் உண்டு. பெருங்குடலின் உட்சவ்வு அணுக்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைப் பியூட்டிரேட் என்ற அமிலத்திலிருந்து பெறுகின்றன. இவ்வமிலத்தை, நாம் செரிக்காமல் விட்ட நாரையும் மாவையும் நொதிக்க வைத்து நுண்ணுயிர்கள் ஆக்கித் தருகின்றன. பெருங்குடல் புண் அழற்சியில் இவ்வணுக்கள் பியூட்டிரேட்டைப் பயன்படுத்தத் தடுமாறுகின்றன என்று ரோடிகர் என்ற ஆய்வாளர் 1980-ல் எழுதினார். நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் இதே வழியில் சிந்தித்தார்கள். வாந்திபேதி நோயாளிகளுக்கு உப்புக் கரைசலுடன் எளிதில் செரிக்காத மாவையும் சேர்த்துக் கொடுத்தபோது வயிற்றுப்போக்கு குறைந்ததை 2000-ல் வெளியிட்டார்கள். பெருங்குடலுக்கு நுண்ணுயிர் தரும் இவ்வுதவியை இறைச்சி மட்டும் என்ற உணவு பெரிதும் குறைத்துவிடுகிறது.

2014-ல் வெளியான வேறொரு சோதனையில், நலமுள்ள பத்துப் பேருக்கு ஐந்தே நாள் விலங்குணவு மட்டும் கொடுத்தார்கள். அதற்குள் அவர்கள் குடலில் பித்தநீரைத் தாங்கும் பைலோபிலா போன்ற நுண்ணுயிர்கள் பெருகின. இதே பைலோபிலா, நோய்க்கு ஆட்படக்கூடிய எலிகளில் குடல் அழற்சியைத் தூண்டியதை முன்னரே கண்டிருந்தார்கள். எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. அந்த எச்சரிக்கை கீட்டோன் கொள்கைக்கும் அதே அளவில் பொருந்தும்.

ஒப்பிட்டு நோக்கிய ஆய்வுகள்

கதைகளை விட்டு, ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்ட ஆய்வுகளைப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் நோய் அடங்கிய நிலையில் இருந்த பெருங்குடல் புண் அழற்சியாளர் 191 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2004-ல் முடிவு வெளியிட்டார்கள். மிகுதியாக இறைச்சி உண்டவர்களுக்கு, குறைவாக உண்டவர்களைக் காட்டிலும் நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. சிவப்பு இறைச்சியும் பதப்படுத்திய இறைச்சியும் அதைவிட மிகுந்த தொடர்பு காட்டின.

உடனே "பார்த்தீர்களா, கறிதான் நஞ்சு" என்று துள்ளவும் கூடாது. இது கவனிப்பு ஆய்வு. கறி மிகுதியாக உண்பவர் மற்றப் பழக்கங்களிலும் வேறுபடலாம். அமெரிக்காவில் குரோன் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் வாரம் இரு முறையாவது சிவப்பு இறைச்சி உண்ணவும், மறு பிரிவினர் மாதம் ஒரு முறைக்கு மேல் உண்ணாதிருக்கவும் செய்தார்கள். 2019-ல் வந்த முடிவில் இரு பிரிவிலும் நோய் திரும்பியவர்கள் சமமாகவே, 62 விழுக்காடாக, இருந்தார்கள். ஆகவே குரோன் நோயில் கறியைக் குறைத்ததாலும் பெரும் பயன் இல்லை. கறியை ஏற்றிப் பேசுபவரையும் தூற்றிப் பேசுபவரையும் ஒருங்கே ஏமாற்றிய ஆய்வு இது!

அப்படியானால் உணவால் பயனே இல்லையா? உண்டு. குரோன் நோயுள்ள குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேறு உணவின்றிச் சத்துத் திரவம் மட்டும் கொடுத்தால், ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கு நோய் அடங்குகிறது. பல நாடுகளில் குழந்தைகளுக்கு இதுவே முதல் சிகிச்சை. பெருங்குடல் புண் அழற்சியில் இது பயன் தரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரு நோய்க்கும் ஒரே உணவு என்று பேசுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதுவே சான்று. தானியங்களையும் சர்க்கரையையும் விலக்கும் ஓர் உணவு முறையை, காய்கனி, தானியம், மீன், எண்ணெய் எல்லாம் கலந்த மத்தியதரைக்கடல் உணவோடு குரோன் நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2021-ல் வெளியிட்டார்கள். ஆறாம் வாரத்தில் அறிகுறி அடங்கியவர்கள் முறையே 46.5, 43.5 விழுக்காடு. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

நம் நாட்டிலும் ஆய்வு நடந்தது. டில்லி எய்ம்ஸ் முதலிய மருத்துவ நிலையங்களில் பெருங்குடல் புண் அழற்சியாளர் 66 பேரைக் கொண்டு நடத்திய சோதனை 2022-ல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு, நலமுள்ளவரின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களைக் குடலில் செலுத்தி, சிவப்பு இறைச்சியையும் பதப்படுத்திய உணவையும் குறைத்துக் காய்கனிகளைக் கூட்டிய உணவு தந்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான மருந்து. எட்டாம் வாரத்தில் நோய் அடங்கியவர்கள் முதற்பிரிவில் 60 விழுக்காடு. இரண்டாம் பிரிவில் 32. இரு சிகிச்சைகளைச் சேர்த்துக் கொடுத்ததால் உணவின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் இங்கே தோற்றவர்களும் கணக்கில் இருக்கிறார்கள். பத்துப் பேர் கதையில் இல்லாதது அதுதான்.

பழைய சோற்றுக்கும் அதே சல்லடை

இதுவரை படித்துத் தலையசைத்த வாசகர் இனிச் சற்றுச் சங்கடப்படலாம். நமக்குப் பிடித்த பொருளையும் அதே சல்லடையில் இட்டுப் பார்க்க வேண்டாமா?

நீராகாரமும் பழைய சோறும் நெல் நாட்டார் கண்ட காலை உணவு. குடல் அழற்சி நோயாளிகளுக்கு இது பயன்படுமா என்று சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குடல் அறுவைச் சிகிச்சைத் துறையினர் ஆராய முற்பட்ட செய்தி 2021-ல் வெளிவந்தது. மகிழ்ச்சிக்குரிய முயற்சி. கருத்தளவில் இதற்கு அடிப்படையும் உண்டு: ஆறிய சோற்றில் எளிதில் செரிக்காத மாவு சற்றுக் கூடுகிறது, ஊறும் நீரில் இலாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகுகின்றன.

ஆனால் "பழைய சோறு குடல் புண்ணைக் குணமாக்கும் என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று சொல்பவரிடமும் நாம் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். எத்தனை பேர்? ஒப்பீட்டுப் பிரிவு இருந்ததா? பயன் பெறாதவர் எத்தனை பேர்? ஆய்வு தொடங்கியது என்பது முடிவு அன்று.

பழைய சோறு பற்றிப் பலரும் பரப்பும் ஒரு கணக்கைப் பாருங்கள். 100 கிராம் சோற்றில் 3.4 மி.கி. ஆக இருந்த இரும்புச் சத்து, பன்னிரண்டு மணி நேரம் ஊறினால் 73.91 மி.கி. ஆகிவிடுகிறதாம்! பத்தாம் வகுப்பு மாணவரே இதை மறுக்கலாம். இரும்பு ஒரு தனிமம். எந்த நுண்ணுயிராலும் அதை ஆக்கவோ அழிக்கவோ இயலாது. நீரிலிருந்தோ பாத்திரத்திலிருந்தோ வந்தாலன்றி, இருந்த இரும்பே இருக்கும். நொதித்தலால் நேரக்கூடியது வேறு: இரும்பைப் பற்றிக்கொண்டிருக்கும் பைட்டிக் அமிலம் சிதைவதால், உடல் அதை எளிதாக ஏற்கலாம். இது நல்ல செய்திதான். இதை இருபது மடங்காக ஊதிப் பெருக்கினால் நல்ல செய்தியும் நம்பிக்கை இழக்கும்.

கறிக் கட்சியையும் பழைய சோற்றுக் கட்சியையும் ஒரே தராசில் நிறுத்தினால், இரண்டுக்கும் பெரிய சோதனை இன்னும் வேண்டும் என்பதே தீர்ப்பு. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பழைய சோற்றை நம்பியவர் பெரும்பாலும் மற்ற உணவையும் மருந்தையும் விடுவதில்லை. சிகிச்சையில் எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை உண்பவர் மட்டும், ஊறவைக்கும் நீரும் பாத்திரமும் தூய்மையாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் உள்ள இடர்கள்

இறைச்சி மட்டும் என்ற உணவின் முதல் இடர் இறைச்சியில் இல்லை. கூடவே வரும் "மருந்தை நிறுத்து" என்ற அறிவுரையில் இருக்கிறது. பெருங்குடல் புண் அழற்சி அடங்கிய நிலையில் மெசலமின் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாதவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு, ஒழுங்காக உட்கொண்டவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல் இருந்ததை 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஸ்டீராய்டு மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. பெருங்குடலில் நோய் எட்டுப் பத்தாண்டு நீடித்தால் புற்றுநோய் வாய்ப்புக் கூடுவதால், குறித்த இடைவெளியில் உள்நோக்கிச் சோதனை வேண்டும். "எனக்குக் குணமாகிவிட்டது" என்று நம்பியவர் அச்சோதனைக்குப் போவதில்லை.

இரண்டாவது, போலிக் கணக்கு. நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கொழுப்புக் குறைந்த கோழியும் ஆடும். கொழுப்பு நீக்கிய ஆட்டிறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கும். நாளுக்கு 2,000 கலோரி வேண்டுமானால் 1 கிலோ 700 கிராம் அளவுக்கு உண்ண வேண்டும். அதில் புரதம் மட்டும் 350 கிராமுக்கு மேல் வரும். ஸ்டெபான்சனுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கிய உணவு இதுவே. இதன் மாதச் செலவை உங்கள் ஊர்க் கறிக்கடை விலையில் பெருக்கிப் பாருங்கள். ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்தின் வருமானம் முழுவதும் ஒருவர் தட்டிலேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, நோயோடு சேர்ந்த குறைகள். குரோன் நோயால் சிறுகுடலின் கடைப்பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்குப் பித்த உப்புகள் திரும்ப உறிஞ்சப்படுவதில்லை. அவர்கள் கொழுப்பை மிகுதியாக உண்டால் வயிற்றுப்போக்கு மிகும். சிறுநீரகக் கல்லும் தோன்றலாம். சல்பாசலசின் மருந்து ஃபோலிக் அமிலம் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். கீரையையும் பருப்பையும் விட்டு வெறும் தசை இறைச்சி உண்பவருக்கு அச்சத்து மேலும் குறையும். வளரும் பிள்ளைகளும் கருவுற்ற பெண்களும் இத்தகைய சோதனைக்கு உரியவர்களே அல்லர்.

தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாகப் பேலியோ என்ற குறைமாவு உணவு முறை நியாண்டர் செல்வன் முதலியோரின் எழுத்தால் பரவியிருக்கிறது. உடல் எடைக்காகவும் நீரிழிவுக்காகவும் பலர் பின்பற்றும் அம்முறையில் காய்களும் கொட்டைகளும் உண்டு. அதையும் "இறைச்சி மட்டும்" என்பதையும் ஒன்றாகக் கொள்ளக் கூடாது. எடை குறைந்த அனுபவத்தைக் குடற்புண்ணுக்குச் சான்றாகக் காட்டுவதும் பொருந்தாது. எடை குறைவது குடல் நோயாளிக்குப் பெரும்பாலும் தீய அறிகுறி.

நீங்கள் கேட்க வேண்டியவை

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இந்நோயுள்ளவர் இருந்து, புதிய உணவு வைத்தியம் ஒன்றைக் கொண்டுவந்தால், ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். இவர் நோய் இன்னதென்று உள்நோக்கிச் சோதனையால் உறுதியாயிற்றா? இதை முயன்று தோற்றவர்கள் எத்தனை பேர் என்று யாராவது எண்ணினார்களா? ஒப்பிட வேறொரு பிரிவு இருந்ததா? நலம் என்பது நோயாளியின் சொல்லா, சோதனையின் அளவா? அதே சமயத்தில் மருந்தும் உண்டார்களா?

நோய் சீறும் நாட்களில் குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம், வேகவைத்த மீன், தோல் நீக்கிய கோழி, முட்டை என்று எளிதில் செரிப்பவற்றை மருத்துவர்களே சொல்வார்கள். அங்கே சோறும் இருக்கிறது; கறியும் இருக்கிறது. நோய் அடங்கிய பின் காய்கனிகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, எது ஒத்துக்கொள்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வருவது நல்லது. ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாத பொருள் மற்றொருவருக்கு ஒத்துக்கொள்ளும். இறைச்சி உணவையே முயன்று பார்க்க வேண்டும் என்று ஒருவர் உறுதியாக இருந்தால், மருந்தை நிறுத்தாமல், மருத்துவருக்குத் தெரிவித்து, தொடங்கும் முன்னும் சில வாரம் கழித்தும் எடை, இரத்தம், கால்ப்ரொடெக்டின் ஆகியவற்றை அளந்து பார்க்கட்டும். முடிவு நல்லதோ கெட்டதோ, அப்போதுதான் அது அவருக்கும் பிறருக்கும் பயன்படும்.

திருவாரூரில் 2010-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தஞ்சாவூரில் அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. மலத்தில் இரத்தம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மூலம் என்றும் சூடு என்றும் நாளைக் கடத்தாமல் அங்கே போய்க் காட்டுங்கள். கைப்பேசியில் வந்த செய்தியையும் மருத்துவரிடம் காட்டுங்கள், அதில் தவறில்லை. மேலே சொன்ன ஐந்து கேள்விகளை அவரிடமும் கேளுங்கள்.